பறிக்கும் நேரத்தில் இருக்கிறது பாதி வேலை: தோட்டத்துப் பூக்களில் கட்டிய உலர்பூ வளையம்

முதல் வளையத்தைக் கட்டி, வாசல் கதவின் உள்பக்கம் மாட்டி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் கதவடியில் கறுப்பு மணல் கொட்டியதுபோல் ஏதோ கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். கடுகைவிடச் சின்னதாக, வழுவழுவென்று மின்னும் விதைகள். வளையத்தின் நடுநாயகமாக நான் வைத்திருந்த கோழிக்கொண்டையிலிருந்து உதிர்ந்தவை. பெருக்கி எடுத்தேன். மறுநாளும் கிடந்தன. அடுத்த வாரம் ரோஜா இதழ்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஒரு மாதத்துக்குள் பூக்கட்டுகள் கம்பிக்குள் தளர்ந்துபோய், கதவைச் சாத்தும்போதெல்லாம் ஏதாவது ஒன்று நழுவியது.

அம்மா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பூவுல ஒரு குத்தமும் இல்லம்மா. நீ பறிச்ச நேரம்தான் சரியில்ல" என்றார்.

அவர் விதைக்காகச் செடி வளர்ப்பவர். எந்தக் காயை எப்போது பறித்தால் விதை தேறும், எப்போது பறித்தால் பொக்காகப் போகும் என்று பார்த்தே சொல்லிவிடுவார். அவர் சொன்ன அந்த ஒரு வரி எனக்கு முழுசாகப் புரிய மூன்று பருவங்கள் ஆயின. கட்டும் வேலையை யாரும் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பூவை எந்த நிலையில் செடியிலிருந்து எடுப்பது என்பதைத்தான் செடிச் செடியாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதனால் இதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சில பூக்கள் காய்ந்தும் அப்படியே இருக்க, சில பூக்கள் சருகாகச் சுருண்டுபோவது ஏன்? வாடாமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பூ என்று பார்க்கும் அந்த ஊதா உருண்டையில் நிறமாகத் தெரிபவை இதழ்களே அல்ல. பூவைத் தாங்கும் செதில்கள். உண்மையான பூ அந்தச் செதில்களுக்கு நடுவே மிகச் சின்னதாக, வெளிர் நட்சத்திரம்போல் எட்டிப் பார்க்கும். செதில்கள் செடியில் இருக்கும்போதே காகிதம் மாதிரி இருப்பதால் அவற்றில் வெளியேற வேண்டிய நீர் கொஞ்சம்தான். காய்ந்தாலும் வடிவம் மாறுவதில்லை. பெயர் வைத்தவர்கள் எவ்வளவு கவனித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். காகிதப்பூவும் அப்படித்தான், நிறமெல்லாம் செதில். ஸ்ட்ராஃப்ளவர் என்ற, பார்க்கச் சாமந்தி போலிருக்கும் பூவும் செதில்தான். கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஸ்டேட்டிஸில் நிறம் தங்குவது புல்லிவட்டத்தில், அதாவது இதழ்களுக்கு வெளியே இருக்கும் உறையில். அதன் நிஜப் பூ சின்ன வெள்ளைப் பொட்டாக வந்து உதிர்ந்துவிடும்.

மல்லிகை, செம்பருத்தி மாதிரிப் பூக்களின் இதழ் முழுக்க நீர்தான். அந்த நீர் போனால் இதழுக்குள் நிற்க ஒன்றும் இல்லை. முதல் வருடம் நான் செம்பருத்தியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். நான்காம் நாள் அவை முறுக்கிய துணித்துண்டுபோல் ஆகிவிட்டன. வளையத்துக்கென்று செடி வளர்க்க நினைப்பவர்களுக்கு இதுதான் என் முதல் யோசனை: தோட்டத்தில் நின்று பூவை விரல்களுக்கு நடுவே லேசாக நசுக்கிப் பாருங்கள். காகிதம்போல் சரசரத்தால் அது உங்களுக்கான பூ. ஈரம் ஒட்டினால் அதைச் செடியிலேயே விட்டு ரசியுங்கள்.

இனி நேரம். வாடாமல்லி பொறுமையான பூ. உருண்டை முழுசாகத் திரண்ட பிறகும் செடியில் பல வாரம் நிற்கும். அதனால் எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று தோன்றும். ஆனால் நாள் ஆக ஆக உருண்டை நீண்டு முட்டை வடிவமாகும். அடிச்செதில்கள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும். அந்தக் கட்டத்தில் எடுத்தால், காய்ந்த பிறகு கை பட்டாலே அடியிலிருந்து உதிர்கிறது. உருண்டை நன்றாக வட்டமாக, அடிச்செதிலும் மேல்செதிலும் ஒரே நிறமாக இருக்கும்போது எடுக்க வேண்டும். காம்பையும் சோதிக்கிறேன். பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்ப்பேன். தலை தளதளவென்று ஆடினால் கழுத்து இன்னும் முற்றவில்லை. விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

ஸ்ட்ராஃப்ளவர் இதற்கு நேர் எதிர். முழுசாக மலர்ந்த பிறகு பறித்தால் கெட்டது. வெட்டிய பிறகும், காயும்போதும், அது மலர்ந்துகொண்டே போகும். நடுவில் மஞ்சள் தெரியும் பூவை எடுத்தால், காய்ந்து முடிக்கையில் செதில்கள் பின்னால் மடிந்து, நடு மஞ்சள் பஞ்சாக வெடித்துப் பறக்கும். வெளிச்சுற்றுச் செதில்கள் இரண்டு மூன்று மட்டும் விரிந்து, நடு இன்னும் மூடிய மொட்டாக இருக்கும்போது எடுப்பதுதான் சரி. எனக்கு இதை ஏற்க மனசே வரவில்லை. அரும்பாக இருப்பதைப் போய் வெட்டுவதா என்று ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்து, முழுசாக மலர்ந்ததைத்தான் வெட்டினேன். எல்லாம் பஞ்சாகப் போயின. அடுத்த பருவம் மொட்டில் எடுத்தவை, காய்ந்து முடித்தபோது, நான் செடியில் பார்க்க ஆசைப்பட்ட அதே அளவுக்கு விரிந்திருந்தன.

இந்தப் பூவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கழுத்து மெலிது, காய்ந்ததும் தலை தொங்கிவிடும். பறித்த அன்றே, ஈரம் இருக்கும்போதே, காம்பை ஒட்ட வெட்டிவிட்டு மெல்லிய இரும்புக் கம்பியைப் பூவின் அடியிலிருந்து நடுப்பகுதிக்குள் செருகிவிட வேண்டும். மேல்பக்கம் வெளியே வரக் கூடாது. பூ காயும்போது கம்பியைச் சுற்றி இறுகிக்கொள்ளும்; ஈரத்தில் கம்பி கொஞ்சம் துருப்பிடித்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு குத்தப் போனால் பூ பிளந்துவிடும்.

ஸ்டேட்டிஸில் காத்திருக்கத்தான் வேண்டும். மொட்டாக வெட்டினால் மொட்டாகவே காய்ந்து நிற்கும், அதற்கு மேல் விரியாது. கொத்தில் முக்கால் பங்குக்கு மேல் விரிந்த பிறகு எடுக்கிறேன். லாவண்டர் என்றால், கதிரின் அடிப்பக்கத்துப் பூக்கள் சில திறந்து மேலே எல்லாம் மொட்டாக இருக்கும் நேரம்; முழுக்கப் பூத்துவிட்டால் காய்ந்ததும் மணிமணியாகக் கொட்டிவிடும். கம்பு, தினை, கோதுமைக் கதிர்களைப் பச்சையாக, பால் பிடிக்கும் முன்னரே எடுத்தால் பசுமை கொஞ்சம் நிற்கும். முற்றியபின் எடுத்தால் பொன்னிறம் கிடைக்கும், கூடவே தானியமும் கொட்டும். கருஞ்சீரக இனத்துச் செடியின் காயும் இப்படித்தான். பச்சைக் காயில் ஊதாக் கோடுகள் ஓடும் நேரத்தில் எடுத்தால் வாய் திறக்காமல் காய்ந்து, உள்ளே விதை கிலுகிலுக்கும்.

சரி, கோழிக்கொண்டைக்கு வருகிறேன். என் வாசலில் மணல் கொட்டிய பூ. கொண்டை பெரிதாகப் பெரிதாக அழகு கூடும் என்பதால் நான் கடைசிவரை செடியில் விட்டுவிட்டேன். கொண்டையின் மேல்மடிப்பு வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் அடிப்பக்கத்தில் விதை முற்றத் தொடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. இப்போது வாரம் ஒருமுறை கொண்டையின் அடிப்பகுதியை விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். கறுப்பு விதை ஒன்று விழுந்தாலும், அது வெட்டும் நாள். ஏற்கெனவே முற்றிவிட்டதென்றால் காய்ந்த பிறகு காகிதத்தின் மேல் பிடித்து நன்றாக உதறி, ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் வளையத்துக்கு எடுப்பேன். உதறிய விதையை ஒரு கவரில் போட்டு, என்ன நிறம் என்று எழுதி வைத்துவிடுவேன்.

எந்தப் பூவானாலும் பறிக்கும் வேளை ஒன்றுதான். பனி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், வெயில் உச்சிக்கு வந்திருக்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் கத்தரியை எடுக்கவே மாட்டேன். செதில்களுக்கு நடுவே தங்கும் ஒரு சொட்டு நீர் போதும், பூசணம் பிடிக்க. இதைக் கேட்டு அல்ல, பட்டுத்தான் கற்றேன். துலுக்கச் சாமந்தி ஏராளமாகப் பூத்த ஒரு பருவத்தில், தூறல் நின்ற கையோடு ஒரு கூடை நிறைய வெட்டி, 20 காம்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டேன். மேலே பார்க்க நன்றாகத்தான் காய்ந்தது. பத்தாம் நாள் கட்டைப் பிரித்தால் உள்ளே சாம்பல் நிறப் படலம். பாதிக்கு மேல் உரக்குழிக்குப் போயின. சாமந்தி வகைகளின் அடிக்கிண்ணம் தடிமனானது. இதழ் சரசரவென்று ஆன பிறகும் கிண்ணத்துக்குள் ஈரம் இருக்கும். இப்போது அவற்றை மூன்று நான்காக மட்டுமே கட்டுகிறேன், தலைகள் ஒன்றோடொன்று உரசாமல் ஏற்ற இறக்கமாக.

வெட்டியதும் இலைகளை உருவிவிட வேண்டும். ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதில் இலைதான் முதல். மெல்லிய காம்புள்ளவற்றை எட்டு பத்தாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுகிறேன். கயிறு வேண்டாம். காய்ந்தால் காம்பு சுருங்கும், கயிறு சுருங்காது. ஒருநாள் இரவில் கட்டு முழுக்கத் தரையில் கிடக்கும். ரப்பர் பேண்ட் காம்போடு சேர்ந்து இறுகிக்கொண்டே போகும். என் முதல் வளையத்தில் கட்டுகள் நழுவியதற்கும் இதே காரணம்தான். அரைகுறையாகக் காய்ந்த காம்புகளைக் கம்பியால் கட்டினேன். அவை கம்பிக்குள்ளேயே சுருங்கி இடம் விட்டுவிட்டன.

தலைகீழாகத் தொங்கவிடுவது காம்பு நேராக நிற்பதற்காக. இருட்டு எதற்கென்றால், நிறத்துக்காக. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்றாலும் இருட்டின் அருமை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரே செடியில் ஒரே நாளில் பறித்த வாடாமல்லியில் பாதியை ஜன்னலோரமும் பாதியை ஸ்டோர் ரூமிலும் தொங்கவிட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது, வேறு வேறு ரகம் என்றே யாரும் சொல்வார்கள். இருட்டோடு காற்றும் வேண்டும். மூடிய அலமாரி இருட்டாக இருந்தாலும் ஈரம் வெளியேற வழியில்லை. கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, மூலையில் ஒரு சின்ன ஃபேனைச் சுவரைப் பார்த்து ஓடவிட்டேன். நேரே பூவின் மேல் காற்று அடித்தால் கட்டுகள் ஒன்றோடொன்று மோதி உதிரும்.

1922-ல் கண்டெடுக்கப்பட்ட, பண்டைய எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறையில், சவப்பெட்டிகளின் மேல் பூ வளையங்கள் இருந்தன. ஆலிவ் இலை, நீல அல்லி இதழ், கார்ன்ஃப்ளவர் எல்லாம் சேர்த்துக் கட்டியவை. 3,000 ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் அவை என்னென்ன பூக்கள் என்று தாவரவியலாளர்களால் பெயர் சொல்ல முடிந்தது. அங்கே இருந்ததும் இருட்டும் வறண்ட காற்றும்தான். அதைப் படித்த அன்று என் ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டினேன்.

எத்தனை நாள் காய வேண்டும்? லாவண்டருக்கும் புல்கதிர்களுக்கும் பத்து நாள் போதும். வாடாமல்லிக்கு இரண்டு மூன்று வாரம். தடித்த கோழிக்கொண்டைக்கு ஒரு மாதம்கூட ஆகும். நாளை எண்ணுவதைவிடக் காம்பை நம்புங்கள். பூவுக்குச் சற்றுக் கீழே ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. கடைசியில் காய்வது கழுத்துதான். ஒரு காம்பை எடுத்து நேராக நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். தலை கவிழ்ந்தால் இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும்.

நிறங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்டம் போட்டுத்தான் செடி நட வேண்டும். சிவப்பு ரோஜா காய்ந்தால் சிவப்பாக இருக்காது. நீர் போனதும் அதன் நிறமி செறிந்து, கறுப்பை ஒட்டிய அடர்சிவப்பாகிவிடும். வெள்ளை ரோஜா பழுப்பாகும். இளஞ்சிவப்பு ரோஜா ஒரு படி அடர்ந்து மிக அழகாக வரும். வளையத்துக்கு எனக்குப் பிடித்தது அதுதான். மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. துலுக்கச் சாமந்தியின் நிறம் கரோட்டினாய்டு வகை, கேரட்டுக்கு நிறம் தருவதும் அதுதான். அது நீரில் கரைந்து நிற்பதில்லை என்பதால் நீர் போவது அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ மூன்றிலும் இருப்பது பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே பீட்டாலெய்ன் குடும்பம். மூன்றையும் ஒரே வளையத்தில் வைத்தால் நிறங்கள் சண்டை போடாமல் பொருந்துவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பூ மட்டும் போதாது. இடத்தை நிரப்ப இலையும் கதிரும் காயும் வேண்டும், அவையும் தோட்டத்தில்தான் இருக்கின்றன. விதைக்கு விட்ட வெண்டைக்காய் செடியிலேயே காய்ந்து, விளிம்பு வெடித்து, உள்ளே வரிவரியாகத் தெரியும்போது எடுத்தால், அதைவிட அழகான வடிவம் வேறில்லை. துளசியின் காய்ந்த கதிர்கள் வளையத்துக்கு ஒரு மெல்லிய வாசனை தருகின்றன. கை பட்டால் மட்டும் எழும் வாசனை. வெங்காயப் பூவின் உருண்டையும் அப்படியே காயும். ஊமத்தைக் காய் காய்ந்தால் பார்க்க அற்புதமாக இருக்கும், ஆனால் விதை கடும் விஷம். ஆமணக்கும் அப்படித்தான். குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் தலைக்கு மேல் தொங்கி உதிரப்போகும் ஒன்றில் இவற்றுக்கு இடமில்லை. அரளியையும் தொடாதீர்கள்.

இலைகள் நொறுங்காமல் இருக்க கிளிசரின் உதவுகிறது. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, யூகலிப்டஸ் கிளைகளின் அடியைக் கீறிவிட்டு, அதில் ஒரு சாண் ஆழத்துக்கு நிறுத்திவைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் இலைக்குள் நீர் இருந்த இடத்தில் கிளிசரின் ஏறிவிடும். பச்சை போய்ப் பழுப்பாகும், ஆனால் தோல்போல் மடங்கும், ஒடியாது. இலை விளிம்பில் எண்ணெய்ப் பொட்டுகள் துளிர்த்தால் அதிகமாகக் குடித்துவிட்டது, உடனே எடுத்துத் துடைக்க வேண்டும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து ரோஜாவைக் காயவைக்கும் முறையையும் ஒரு பருவம் செய்தேன். ஒரு வாரத்தில் செடியில் இருந்தது போலவே வரும், வடிவம் கொஞ்சமும் மாறாது. ஆனால் திறந்த வளையத்தில் வைத்ததும், ஈரப்பதம் ஏறிய முதல் வாரமே இதழ்கள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் துவண்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைப்பதற்கு அது நல்ல முறை. வளையத்துக்கு நான் அதை விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு பெரிய இழப்பைச் சொல்ல வேண்டும். மூன்றாம் பருவத்தில் எல்லாம் கைகூடி வந்திருந்தது. நேரம் பார்த்துப் பறித்து, இருட்டில் காயவைத்து, இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அடுக்கி, டிஷ்யூ பேப்பர் போட்டு மூடினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் அடியில் மாவுபோல் தூள். வாடாமல்லி உருண்டைகளில் ஊசி முனை அளவு ஓட்டைகள், நடுநடுவே எள்ளளவு பழுப்பு வண்டுகள். காய்ந்த தாவரங்களைத் தின்றே வாழும் வண்டுகள் இருக்கின்றன. பறித்தபோதே முட்டை பூவுக்குள் இருந்திருக்கும், அல்லது ஸ்டோர் ரூமில் வந்திருக்கும். ஒரு பருவத்து உழைப்பு அது. பெட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு கட்டுகூட ஃப்ரீசரைத் தாண்டாமல் பெட்டிக்குள் போவதில்லை. உலர் தாவர மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியங்களிலும் பூச்சிக்கு எதிராக இதைத்தான் செய்கிறார்கள். முழுக்கக் காய்ந்த பூக்களைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒருநாள், அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த பூவின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து, இத்தனை நாள் காயவைத்தது வீணாகும்.

வளையத்தின் அடிச்சட்டத்தை வாங்கத் தேவையில்லை. திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும் நாளில் வெட்டிப் போடுவதே போதும். இரண்டு மீட்டர் நீளமுள்ள நாலைந்து கொடிகளின் இலைகளை உருவிவிட்டு, முதல் கொடியை வேண்டிய அளவில் வட்டமாக்கி, மிச்ச நீளத்தை அதன்மேலேயே முறுக்கிச் சுற்ற வேண்டும். அடுத்த கொடியின் நுனியை முதல் கொடியின் இடுக்கில் செருகி எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கட்டவே வேண்டாம், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வெட்டிய அன்றே செய்தால் வளையும்; காய்ந்துவிட்டால் இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். செய்து முடித்ததை இரண்டு வாரமாவது தொங்கவிட்டுக் காயவிடுங்கள். ஈரக்கொடியின் மேல் காய்ந்த பூவை வைத்தால் அடியிலிருந்து பூசணம் ஏறும்.

கட்டும் நாளை நான் மழை நாளாகத் தேர்ந்தெடுக்கிறேன். பறிக்க ஆகாத நாள், கட்ட மிக நல்ல நாள். காற்றின் ஈரத்தில் காய்ந்த காம்புகள் கொஞ்சம் இளகி, ஒடியாமல் வளைந்து கொடுக்கும். வறண்ட நாளில் கட்டினால் மேசை முழுக்கத் துகள்தான் மிஞ்சும். மழை இல்லையென்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைத் தூரத்திலிருந்து ஒருமுறை பனிபோல் தெளித்து, பத்து நிமிடம் பொறுத்துத் தொடங்கலாம்.

முதலில் சின்னச் சின்னக் கட்டுகளாக எல்லாவற்றையும் தயார் செய்துவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு காம்பு: பின்னால் இலையோ கதிரோ, முன்னால் பூ, பக்கத்தில் ஒரு காய். விரல் நீளத்துக்குக் காம்பை வெட்டிவிடலாம். 30 செ.மீ. வளையத்துக்கு எனக்கு 25 முதல் 30 கட்டுகள் தேவைப்படுகின்றன. கம்பி மெல்லியதாக, அரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. அதன் நுனியைச் சட்டத்தில் முறுக்கிவிட்டு, முதல் கட்டைப் படுக்கவைத்து மூன்று சுற்று இறுக்கிச் சுற்றுகிறேன். இரண்டாவது கட்டின் பூக்கள் முதல் கட்டின் காம்பை மூட வேண்டும். இப்படியே ஒரே திசையில், கம்பியை நடுவில் வெட்டாமல், சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டை உள்விளிம்பு பார்த்து, அடுத்ததை நடுவில், மூன்றாவதை வெளிவிளிம்பு பார்த்து வைத்தால் சட்டம் எங்கும் தெரியாது. கடைசிக் கட்டுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதல் கட்டின் பூக்களை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, அதனடியில் காம்பைச் செருகிக் கட்டினால் தொடக்கமும் முடிவும் எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

க்ளூ கன்னை உதிர்ந்த ஓர் உருண்டையை ஒட்டுவதற்கு மட்டும் எடுப்பேன், அதுவும் கூடுமானவரை தவிர்ப்பேன். பசை இல்லாத வளையத்தை ஒருநாள் பிரிக்கலாம். கம்பி திரும்பக் கைக்கு வரும், சட்டம் மறுபடி உதவும், பூ மண்ணுக்குப் போகும். ஹேர் ஸ்பிரே அடித்தால் உதிராது என்பார்கள். நான் அடித்த வளையத்தில் தூசு ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. சரியான நேரத்தில் பறித்த பூவுக்கு அது தேவைப்படவும் இல்லை.

நான்காம் பருவத்தில் கட்டியதை அக்காவுக்குக் கொடுத்தேன். அதுவரை கட்டியதில் அதுதான் சிறந்தது. அக்கா ஆசையாக, வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழும் சுவரில், ஜன்னலுக்கு எதிரே மாட்டினார். நான்கு மாதம் கழித்துப் போனபோது ஊதாவெல்லாம் வைக்கோல் நிறமாகியிருந்தது. "என்னடி, இப்படி வெளுத்துப் போச்சு? நான் தண்ணிகூடப் படாமத்தானே பாத்துக்கிட்டேன்" என்று வருத்தப்பட்டார். தவறு என்னுடையது. கொடுக்கும்போதே எங்கே மாட்டக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது யாருக்குக் கொடுத்தாலும் ஒரு சின்ன அட்டையில் எழுதிச் சேர்த்துக் கட்டுகிறேன்: நேர் வெயில் வேண்டாம், குளியலறைப் பக்கம் வேண்டாம், அடுப்புக்கோ விளக்குக்கோ அருகில் வேண்டவே வேண்டாம். காய்ந்த பூ சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் கடைசி வரியை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். தூசுக்கு, மாதம் ஒருமுறை ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் மெதுவாக வைத்துத் தூரத்திலிருந்து காட்டினால் போதும்.

அக்காவின் வளையத்தைத் திரும்ப வாங்கிவந்து புதியது கட்டிக் கொடுத்தேன். பழையதைப் பிரிக்க ஒருநாள் அம்மாவும் உட்கார்ந்தார். நான் கம்பியை அவிழ்க்க, அவர் வெளுத்துப்போன ஒவ்வொரு உருண்டையையும் உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். செதில் பறந்து, அடியில் பஞ்சு சுற்றிய விதைகள் சில நின்றன. "இதைப் போட்டுப் பாக்கலாம்" என்றார். கோழிக்கொண்டை விதைக் கவரையும் எடுத்துவந்தேன், முதல் வளையத்திலிருந்து வாசலில் கொட்டிப் பெருக்கி எடுத்ததில் மிஞ்சியது. இரண்டையும் இரண்டு தட்டுகளில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம்.

கோழிக்கொண்டை ஒன்பதாம் நாள் முளைத்தது. வாடாமல்லியில் பன்னிரண்டு வந்தன, நாற்று இப்போது நாலு இலையில் நிற்கிறது. அடுத்த வாரம் பாத்தியில் நட வேண்டும்.